சிறி அண்ணை நிலக்கரிக்கு மாறின குளிர்காலம்

எங்கடை கடைக்கு வாற சனத்துக்குச் சிறி அண்ணையை முகத்தாலை தெரியும், பேராலை தெரியாது. லா சப்பல் மெத்ரோ ஸ்ரேசனிலை இறங்கி வந்து, முருங்கைக்காய் முத்தலோ பிஞ்சோ எண்டு முறிச்சுப் பாக்கிற ஆக்களைக் கண்ணாலை எரிச்சுக்கொண்டு மரக்கறிப் பக்கத்திலை ஒருத்தர் நிப்பாரல்லோ, அவர்தான். முழுப்பேர் ஸ்ரீஸ்கந்தராசா. நான் கஜானி, அதே கடையிலை காசு வாங்கிற மேசையிலை இருக்கிறன். அவருக்கும் எனக்கும் ஒரு நாள் சண்டை பிடிக்காட்டில் ரெண்டு பேருக்கும் சாப்பாடு செமிக்காது.

ஆள் ஒரு தனிப்பிறவி. லீவு எடுக்க மாட்டார், வருத்தம் எண்டு சொல்ல மாட்டார், மற்றவை போட்ட தேத்தண்ணி குடிக்க மாட்டார். பிரெஞ்சு எண்டால் போன்ஜூரும் மெர்சியும்தான். மிச்சத்தைப் புருவத்தாலை கதைச்சு முடிப்பார். ஆனால் மற்ற ஆக்கள் அடுக்கு மாடியிலை ஒரு பெட்டி வீட்டுக்கு அலையேக்கை, இந்த மனுசன் நகரத்துக்கு வெளியாலை கூசேன்வில் எண்ட ஊரிலை மண்ணோடை தனி வீடு வாங்கினவர். கல்லாலை கட்டின பழைய வீடு. கூரைக்கு மேலாலை பிளேன் போகும், அதாலை ஒருத்தரும் வாங்காமல் கிடந்தது. பிளேன் சத்தம் எங்களுக்குப் புதுசோ, இது குண்டு போடாத பிளேன்தானே எண்டு சொல்லித்தான் வாங்கினவராம்.

அந்த வீட்டுக்கு ஒரு விறகுச் சோடியேர் இருந்தது. சோடியேர் எண்டால், குசினிக்குப் பின்னாலை ஒரு சின்ன அறையிலை நிக்கிற இரும்புப் பெட்டி. அதுக்குள்ளை நெருப்பு எரியும், தண்ணி சூடாகும், அந்தத் தண்ணி குழாய் வழியா வீடு முழுக்க ஓடிச் சூடு குடுக்கும். விறகு நல்லாக் காஞ்சிருந்தால் பிரச்சினை இல்லை. அவர் வாங்கிறது எப்பவும் அரைப்பச்சை. வீடெல்லாம் புகை. விடியப்புறம் நெருப்பு நூந்துபோகும், எழும்பேக்கை பல்லுக் கிடுகிடுக்கும். அவரின்ரை மகள் நிரோஜினி அந்த வீட்டிலைதான் வளந்தவள். பள்ளிக்கூடத்திலை பிள்ளையள் அவளுக்குக் கிட்ட வந்து மூக்கைப் பொத்துவினமாம். உடுப்பிலை அவ்வளவு புகை மணம். கலியாணம் கட்டினதும் கட்டாததுமாய் ஸ்தேன் எண்ட ஊரிலை ஒரு மாடி வீட்டுக்குப் போட்டாள். அங்கை சூடு தானா வரும். அதுக்குப் பிறகு அப்பா வீட்டுக்கு வந்தால் கோட்டைக் கழட்டாமல் இருந்து சாப்பிட்டிட்டுப் போவாளாம். அதைச் சொல்லேக்கை அண்ணையின்ரை முகம் வாடின கத்தரிக்காய் மாதிரிப் போகும்.

போன வருசம் நிரோஜினி பிள்ளைத்தாச்சி ஆனாள். தலைப்பிள்ளை. எங்கடை வழக்கம் தெரியுமல்லோ, பெத்தவள் தாய்வீட்டிலைதான் இருக்கவேணும். பிறந்து முப்பத்தொண்டு நாள் துடக்குக் கழியுமட்டும் பத்தியச் சாப்பாடு, வேப்பிலை போட்ட சுடுதண்ணி, தாய்க்கும் பிள்ளைக்கும் காத்துப் படக்கூடாது. கோசலை அக்கா, அதுதான் அண்ணையின்ரை மனுசி, மகளைக் கேட்டிருக்கிறா. அந்தக் குளிருக்கையோ, பிள்ளை விறைச்சுப் போகும் எண்டு அவள் பிரெஞ்சிலை பதில் சொன்னவளாம். அவள் தாய் தகப்பனோடை தமிழிலை கதைச்சே கனகாலம். அண்ணை ரெலிபோனைப் பறிச்சு, வீடு சூடாயிருக்கும், நான் பொறுப்பு, நீ வா எண்டிருக்கிறார். சூடாயிருந்தால் வாறன் எண்டு அவளும் சொல்லிப்போட்டாள்.

அண்டையிலையிருந்து மனுசனுக்கு வேறை கதை இல்லை. மகள் வரவேணும். கோட்டைக் கழட்டிப்போட்டு அந்த வீட்டிலை இருக்கவேணும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நிலக்கரி எண்டு காதிலை போட்டவன் ஜெனிஸ்டன். ரூ லூயி-பிளாங் தெருவிலை சாப்பாட்டுக் கடையளுக்குப் புகைக்குழாய் திருத்திற பெடியன். விறகு ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வாயைத் திறக்கும் அண்ணை, நிலக்கரி ஒருக்காப் போட்டால் விடியுமட்டும் கிடந்து கணகணக்கும் எண்டு சொல்லியிருக்கிறான். இப்ப நிலக்கரிச் சோடியேர் புதுசாப் பூட்ட ஏலாதெண்டு சட்டம். முறையான வேலைக்காரன் ஒருத்தனும் வரமாட்டான். இவை கேக்கிற ஆக்களோ? இந்த நாட்டின்ரை வடக்குப் பக்கம், முந்திச் சுரங்கம் இருந்த ஊரொண்டிலை, ஒரு பிரெஞ்சுக் கிழவி தன்ரை பழைய சோடியேரைக் கழட்டி வைச்சிருந்ததைத் தேடிப் பிடிச்சு, வானிலை ஏத்திக்கொண்டு வந்து, ரெண்டு பேருமாய்ப் பூட்டிப்போட்டினம்.

நான் விட்டனானோ? நல்லாக் குடுத்தன். உலகம் முழுக்க நிலக்கரியை விட்டிட்டு ஓடுது, நீங்கள் அதைத் தேடிப்போய்க் கட்டிப்பிடிக்கிறியளோ எண்டு கேட்டன். அவர் வெங்காய மூட்டையை இறக்கி வைச்சிட்டு என்னைப் பாத்தார்.

"உலகத்துக்குப் பேரப்பிள்ளை வரப்போகுதோ, பிள்ளை?"

சோடியேர் பூட்டின நாளிலையிருந்து அவரின்ரை நகமெல்லாம் கறுப்பு. காலமை கடைக்கு வந்த உடனை, விக்கேலாத தேசிக்காயிலை ரெண்டு பாதியை எடுத்துக் கையைத் தேய்தேய் எண்டு தேய்ச்சுக் கழுவிப்போட்டுத்தான் கீரையைத் தொடுவார். கை வெடிச்சு எரியுமெண்டு தெரியும்.

ஒண்டு மட்டும் அவரைப் பற்றிச் சொல்லத்தான் வேணும். ஆள் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கேல்லை. அந்தக் கிழவி ஜெனிஸ்டனுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி விட்டதாம், சோடியேர் அறைச் சுவரின்ரை அடியிலை காத்து வாற ஓட்டை ஒண்டு கட்டாயம் இருக்கவேணும், அதை எந்த நாளும் மூடக்கூடாதெண்டு. காத்து இல்லாட்டில் நிலக்கரி நஞ்சைக் கக்குமாம். இவர் சுவரை உடைச்சு, இரும்புக் கம்பி போட்ட ஓட்டை ஒண்டு வைச்சவர். கோசலை அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டி, இதிலை மட்டும் கை வைக்காதையப்பா எண்டும் சொன்னவர். ஏன் எண்டு விளங்கப்படுத்தினாரோ எண்டு கேட்டால், இல்லை. அவர் ஆருக்கு எதை விளங்கப்படுத்தினவர்? சொன்னால் சொன்னதுதான்.

தை மாசம் பேத்தி பிறந்தாள். நிரோஜினி பிள்ளையோடை கூசேன்வில் வீட்டுக்கு வந்தாள். சோடியேர் அறைக்குப் பக்கத்து அறைதான் வீட்டிலையே சூடான அறை, அதைத்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஒதுக்கினவை. அடுத்த நாள் கடைக்கு வந்த அண்ணையை நீங்கள் பாத்திருக்கவேணும். ஒரு மனுசி ஏழெட்டு முருங்கைக்காயை முறிச்சுப் போட்டிது, இவர் சிரிச்சுக்கொண்டு நிக்கிறார். வாற போற ஆக்களுக்கெல்லாம் ரெலிபோனிலை படம் காட்டுறார். எனக்குக் காட்டின படத்திலை நிரோஜினி அரைக்கைச் சட்டையோடை இருந்தாள். நான் பிள்ளையைப் பாத்து, மூக்கு உங்கடை மூக்குத்தான் அண்ணை எண்டன். அவர் விரலாலை அவளின்ரை வெறுங்கையைத் தொட்டுக் காட்டி, "கோட்டு இல்லைப் பாத்தியோ" எண்டார்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்துது. ஞாயிறு எங்களுக்குத் திருவிழா மாதிரி, சனம் நெரியும். அண்டைக்குக் குளிர் கொஞ்சம் விட்டிருந்தது, ஆனால் பனிப்புகார் எண்டால் அப்பிடி ஒரு புகார், காத்து அசையேல்லை. காலமை வெளிக்கிடேக்கை நெருப்பைத் தணிச்சு வைச்சிட்டு வந்தனான், உள்ளுக்கை வெக்கையா இருக்கக்கூடாது எண்டு அண்ணை சொன்னது ஞாபகம். பத்துப் பதினொரு மணி போலை அவரின்ரை ரெலிபோன் அடிச்சுது. மருமகன் மதுஷன். அண்ணை கேட்டுக்கொண்டு நிண்டவர், ரெலிபோனை என்னட்டை நீட்டினார். மதுஷன் அழுதழுது சொன்னான், பிள்ளை கண் முழிக்குதில்லை, நிரோஜினி சத்தி எடுத்து விழுந்திட்டாள், பொம்பியேக்காரர், அதுதான் தீயணைப்புக்காரர், ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போகினம் எண்டு.

நான் மேசையை விட்டிட்டு அவரோடை வெளிக்கிட்டன். பிரெஞ்சு கதைக்க ஒருத்தர் வேணுமே. கார் து நோர் ஸ்ரேசனிலையிருந்து போன ரெயின் முழுக்க நான் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தன். அவர் தன்ரை நகத்தைப் பாத்துக்கொண்டிருந்தார்.

ஆசுப்பத்திரி நடையிலை மதுஷனும் கோசலை அக்காவும் நிண்டவை. நடந்ததை மதுஷன் எனக்குச் சொன்னான். அவன் பிள்ளையைப் பாக்க எண்டு ஸ்தேனிலையிருந்து வந்திருக்கிறான். கோசலை அக்கா பத்தியக் கறிக்கு மல்லி, மிளகுச் சரக்கு வறுத்தபடி குசினியிலை நிண்டிருக்கிறா. வறுக்கிற கமறலுக்கு யன்னல் திறந்திருந்ததாலை அவவுக்குத் தலையிடி மட்டும்தான். கமறல் பிள்ளைக்குப் போகக்கூடாதெண்டு அறைக்கதவு பூட்டிக் கிடந்தது. அவன் திறந்து பாத்தால் தாயும் பிள்ளையும் அந்தக் கிடை. பொம்பியேக்காரர் வந்து வாசல்படியிலை கால் வைக்கவே அவையின்ரை இடுப்பிலை கிடந்த மெசின் கத்தத் தொடங்கிட்டுதாம். நிலக்கரி நஞ்சு. விறகு எண்டால் புகை கண்ணைக் கரிச்சு ஆளை எழுப்பிப்போடும். இது கறுமம், நிறமுமில்லை மணமுமில்லை.

அவை சோடியேர் அறையைப் பாத்திருக்கினம். சுவரோட்டை அடைச்சுக் கிடந்திருக்கு. உள்ளை திணிச்சிருந்தது ஒரு பழைய நூல்சீலை. பிள்ளைக்கு ஏணை கட்ட எண்டு கோசலை அக்கா தோய்ச்சு மடிச்சு வைச்சிருந்த சீலை.

"ஆர் மாமா அடைச்சது?" எண்டு மதுஷன் கேட்டான்.

கோசலை அக்காவின்ரை வாய் திறந்தது. நான் அவவுக்கு நேரை நிண்டனான், என்ரை கண்ணாலை பாத்தது. சத்தம் வர முந்தி அண்ணை சொல்லிப்போட்டார்.

"நான்தான். விடிய வெளிக்கிடேக்கை அடைச்சனான், பிள்ளைக்குக் காத்துப் படுமெண்டு."

எனக்குத் தெரியும் அது பொய்யெண்டு. அந்த ஓட்டையைப் பற்றிக் கடை முழுக்கப் பெருமையடிச்ச மனுசன் அதை அடைப்பாரோ? கோசலை அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி அழத் தொடங்கிட்டா. மகளை நினைச்சு அழுகிறா எண்டுதான் மதுஷன் நினைச்சிருப்பான்.

கடவுள் புண்ணியத்திலை ரெண்டு உயிரும் தப்பிச்சுது. ஒட்சிசன் குடுக்கிற பெட்டிக்குள்ளை பிள்ளையை வைச்சிருந்தவை. ஆனால் பிள்ளையின்ரை மூளைக்கு ஏதும் பாதிப்போ எண்டு கேட்டால் டொக்டர்மார் இல்லையெண்டும் சொல்லினமில்லை. வளர வளரத்தான் பாக்கவேணும், இருக்கிற வயசிலை இருக்குதோ, நடக்கிற வயசிலை நடக்குதோ எண்டு. தாய்க்காரி அந்தச் சொல்லை வயித்திலை நெருப்பாய்க் கட்டிக்கொண்டு எத்தினை மாசம் இருக்கவேணும், யோசிச்சுப் பாருங்கோ. நிரோஜினி எழும்பி இருந்த அண்டைக்கு அண்ணை கட்டிலுக்குக் கிட்டப் போனவர். அண்டைக்கு அவள் தமிழிலைதான் சொன்னவள்.

"அப்பா, இனி என்ரை பிள்ளையைத் தூக்க வேண்டாம்."

அவர் தலையாட்டிப்போட்டு வெளியாலை வந்தார். அந்தக் கிழமையே சோடியேரைச் சுத்தியலாலை அடிச்சுக் கழட்டித் தெருவிலை போட்டிட்டாராம். சின்னக் கரண்ட் அடுப்பொண்டை வைச்சுக்கொண்டு புருசன் பெண்சாதி அந்தப் பெரிய வீட்டிலை கோட்டோடை இருந்தவை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிஞ்ச கதை எண்டு கடைக்கு வாற சனமும் கதைக்கத் தொடங்கிட்டுது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவர் எண்டு ஒருத்தன் சொன்னான். அவனுக்கு நான் மிச்சக்காசு குடுக்கேக்கை, வாயை மூடிக்கொண்டு போம் எண்டு சொல்லிப்போட்டன்.

நிரோஜினி பிள்ளையோடை ஸ்தேனுக்குத் திரும்பிப் போட்டாள். பத்தியம் விடேலாதே, கோசலை அக்கா ஒவ்வொரு நாளும் சமைச்சு அங்கை கொண்டு போவா. அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு அண்ணையும் போவார். காலமை வேலையைப் பின்னேர வேலையாய் மாத்தி எடுத்ததே அதுக்குத்தான். மாடிக் கட்டிட வாசல் மட்டும் போய், பையை அவவிட்டைக் குடுத்திட்டு, எதிரிலை பஸ் நிக்கிற இடத்திலை நிப்பார். அவ மேலை போய்ப் பிள்ளையைக் குளிக்க வார்த்து, உடுப்பு மாத்தி, மகளுக்குச் சாப்பாடு தீத்தி இறங்கி வருமட்டும் அந்தக் குளிரிலை நிப்பார். யன்னலாலை பாத்தால் அவர் நிக்கிறது நிரோஜினிக்குத் தெரியும். அவள் கூப்பிடேல்லை.

கோசலை அக்கா ஒரு நாள் பிள்ளைக்கு ஓமம் வாங்கக் கடைக்கு வந்தவ. ஆக்கள் இல்லாத நேரம். ஓமத்தை நிறுத்துக் குடுத்திட்டு நான் அவவின்ரை முகத்தையே பாத்தன். அவவுக்கு விளங்கிட்டுது. அதிலையே நிண்டு எல்லாத்தையும் கொட்டினா. ஓட்டையாலை வாற காத்து கதவுக்குக் கீழாலை போய்ப் பிள்ளையின்ரை காலிலை பட்டுதாம். அண்ணை வேலைக்குப் போன பிறகு அடைச்சு, அவர் வர முந்திச் சீலையை எடுத்து மடிச்சு வைச்சிருக்கிறா. கடும் குளிர் நாளிலை நெருப்பு நல்லா இழுத்தெரிஞ்சதாலை ஒண்டும் நடக்கேல்லை. புகார் மூடின அண்டைக்குத்தான் மாட்டுப்பட்டுது. தாய்க்கும் பிள்ளைக்கும் காத்துப் படக்கூடாதெண்டு தன்ரை தாய் சொன்னதைத்தான் தானும் செய்ததெண்டு சொல்லிச் சொல்லி அழுதா.

அப்ப ஏன் அந்த மனுசனைத் தெருவிலை நிப்பாட்டி வைச்சிருக்கிறியள் எண்டு கேட்டன். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை கிரியாதை தெரியாது. அவ சீலைத் தலைப்பாலை மூக்கைத் துடைச்சா.

"ஆசுப்பத்திரியிலையே பிறகு சொல்ல வெளிக்கிட்டனான், பிள்ளை. கையைப் பிடிச்சு நிப்பாட்டிப்போட்டார். பிள்ளை வளக்க அவளுக்கு இப்ப அம்மா வேணும், அப்பா இல்லாட்டில் சமாளிப்பாள் எண்டார்."

ஓமத்துக்குக் காசு வாங்க மறந்துபோனன்.

முப்பத்தொண்டு வந்துது. ஐயர் வந்து புண்ணியதானம் செய்து துடக்குக் கழிக்கவேணும், பிள்ளைக்கு இடுப்பிலை நூல் கட்டவேணும், பேர் வைக்கவேணும். வெத்திலை, பாக்கு, தேங்காய், தேசிக்காய் எல்லாம் அண்ணைதான் எங்கடை கடையிலை பாத்துப் பாத்து எடுத்தவர். தேங்காயை ஆட்டி ஆட்டிக் காதிலை வைச்சுக் கேட்டவர். தான் போகாத சடங்குக்கு.

அண்டைக்குக் காலமை ஸ்தேனிலை அவர் வழக்கம் போலை பையைக் குடுத்திட்டுப் பஸ் நிக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார். மேலை போன கோசலை அக்கா, ஐயர் வர முந்தி, மகளைக் கட்டிலிலை இருத்திச் சொல்லிப்போட்டா. சீலை திணிச்சது நான், அப்பா இல்லை, எனக்காகப் பொய் சொன்னவர் எண்டு. நிரோஜினி கேட்டுக்கொண்டிருந்தவள், பிள்ளையைப் போர்வையாலை சுத்தி எடுத்துக்கொண்டு, வீட்டுச் செருப்போடை படியிறங்கி ஓடியிருக்கிறாள். ரோட்டைக் கடந்து போய், தகப்பன்ரை கையிலை பிள்ளையைக் குடுத்தவள். அண்ணை வாங்கப் பயந்து கையைக் கோட்டிலை தேய்ச்சுக்கொண்டு நிண்டவராம். நகத்திலை அப்ப கறுப்பு ஒண்டும் இல்லை.

அதோடை எல்லாம் சரியாப் போச்செண்டு நினைக்கிறியளோ? நானும் அப்பிடித்தான் நினைச்சன். சடங்கு முடிஞ்சு ஐயர் போனாப் போலை நிரோஜினி தாயைப் பாத்துச் சொன்னவளாம்.

"சீலை வைச்சது தெரியாமல் செய்தது அம்மா, அதை நான் மறந்திடுவன். அப்பாவைக் கீழை நிக்க விட்டிட்டு எப்பிடி மேலை வந்து என்ரை பிள்ளையைத் தடவினியள்? கொஞ்ச நாளைக்கு வராதேங்கோ."

இதைச் சொல்லித்தான் அண்ணை கடையிலை ஒரே ஒரு நாள் அழுதவர், கீரைப் பெட்டிக்குப் பின்னாலை நிண்டு. சொல்லாதை எண்டு அவ்வளவு சொன்னனான் பிள்ளை, அவள் கேக்கேல்லை எண்டார். மகள் கோட்டு இல்லாமல் தன்ரை வீட்டிலை இருந்த படத்தை இன்னும் அழிக்காமல் வைச்சிருக்கிறார்.

இப்பவும் ரெண்டு பேரும் ஒண்டாய்த்தான் ஸ்தேனுக்குப் போகினம். கோசலை அக்கா இன்னும் சமைக்கிறா, பையை இப்ப அண்ணை மேலை கொண்டு போறார். அவ எதிரிலை பஸ் நிக்கிற இடத்திலை நிக்கிறா. பிள்ளை இப்ப முகம் பாத்துச் சிரிக்குதாம், டொக்டரும் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லையாம். கதிரையைக் காட்டி இருங்கோ அப்பா எண்டு மகள் சொல்லுவாளாம், தமிழிலைதான். அவர் கோட்டைக் கழட்ட மாட்டார். பிள்ளையை ஒருக்காத் தூக்கிப் பாத்திட்டு, கொம்மா குளிரிலை நிக்கிறா எண்டு சொல்லிப்போட்டு இறங்கிடுவாராம்.